கூலிங் தண்ணீரை மூடியது யார்

ஸ்பட்டரிங் மெஷினில் பிளாஸ்மா பற்றவில்லை என்றால் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை வேலைக்கு வந்த முதல் வாரமே மனப்பாடம் செய்துவிட்டேன். காஸ் வருகிறதா, கரண்ட் போகிறதா, உள்ளே ஷோர்ட் ஏதும் உண்டா. கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். அதனால்தான் அன்று அவ்வளவு வேகமாகத் தப்புப் பண்ண முடிந்தது.

மெஷின் ஒரு இரும்புப் பானை மாதிரி. உள்ளே உள்ள காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கொஞ்சம் ஆர்கன் காஸை விட்டுக் கரண்டைக் கொடுத்தால் பிளாஸ்மா என்ற ஊதா வெளிச்சம் பற்றும். அது உலோகத் தகட்டை இடித்து அணு அணுவாகப் பெயர்க்கும். பெயர்ந்தது எதிரே இருக்கும் கண்ணாடியில் போய்ப் படியும். தகடு சூடாகாமல் இருக்க அதன் முதுகில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் மெஷின் பழசு. தண்ணீர் பின்னறைக் குழாயிலிருந்து வந்து, தகட்டைச் சுற்றிவிட்டு, அப்படியே கழிவுநீர்க் கானுக்குள் கொட்டும்.

அன்று ஆறு கண்ணாடித் துண்டுகளுக்குத் தங்கம் பூச வேண்டும். அவை எங்கள் லேபில் ஆய்வு செய்யும் அக்காவுடையவை. அவர் சிங்களப் பள்ளிக்கூடமொன்றில் படிப்பிக்கிறவர். படிப்பு லீவில் வந்திருந்தார். மாதக் கடைசி நாளான அன்றோடு லீவு முடிகிறது. மறுநாளிலிருந்து மெஷின் வேறு குழுவுக்கு. ஆகவே லேப் பூட்டும் நாலு மணிக்குள் தங்கம் ஏறினால்தான் அவருடைய ஆய்வு முடியும்.

பதினொரு மணிக்கு சுவிட்சைப் போட்டேன். ஒன்றும் பற்றவில்லை. சிவப்பு லைட் மட்டும் எரிந்தது. கதவு சரியாக மூடாவிட்டாலும் தண்ணீர் நின்றாலும் அதே ஒரு லைட்தான். போன வாரம் கதவு சுவிட்ச் மக்கர் பண்ணியிருந்தது.

"கதவுதான் அக்கே, எனக்குத் தெரியும்," என்றேன். நாங்கள் பேசுவது சிங்களத்தில்; அக்கே என்றால் அக்கா, நங்கி என்றால் தங்கை.

"நங்கி, தொறந்தா மறுபடி உறிஞ்ச ரெண்டு மணித்தியாலம் போகுமே. யோசிச்சுத்தான் சொல்றியா?"

யோசிக்கவில்லை. திறந்தேன். தகட்டோரத்தில் நகம் அளவுக்கு ஓர் உலோகச் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஷோர்ட் ஆக்கிய கள்ளனைப் பிடித்துவிட்டேன் என்று குதித்தேன். தூசு விழாமல் நாங்கள் போடும் வெள்ளை உடுப்பில் குதித்தால் பூதம் ஆடுவது போல இருக்கும் என்று அக்கா சிரித்தார். துடைத்து, சுவிட்சைச் சரிபார்த்து, மூடினேன். வெளியே இரத்தினபுரி மழை. ஈரக் காற்று உள்ளே போயிருந்ததால் பம்ப் முக்கி முனகித்தான் உறிஞ்சியது. ரெண்டு மணிக்கு மறுபடி சுவிட்சைப் போட்டேன். அதே சிவப்பு லைட். அக்கா இப்போது சிரிக்கவில்லை.

அந்நேரம்தான், காலையிலேயே ஸ்டோருக்குப் போயிருந்த லேப் உதவியாளர் திரும்பி வந்தார். நாங்கள் அவரை ஐயா என்போம். சிங்களத்தில் அது அண்ணன். சிவப்பு லைட்டைப் பார்த்துவிட்டு நேரே பின்னறைக்குப் போனவர் அங்கிருந்தே கத்தினார்: "வத்துர வஹலானே!" தண்ணீர் மூடிக் கிடக்கிறது.

"காலையில தொறக்க மறந்துட்டீங்களா?" அக்காவின் குரல் சுள்ளென்றிருந்தது.

"எட்டு மணிக்கே தொறந்துட்டுத்தான் போனேன். எந்தப் பேய் மூடிச்சோ!"

எனக்குக் காது சுட்டது. எட்டரை மணிக்கு ஆர்கன் சிலிண்டரைப் பார்க்கப் பின்னறைக்குப் போனவள் நான். ஆளில்லாத அறையில் தண்ணீர் கானுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. கை தானாகப் போய் மூடியிருக்கிறது. கலவானைப் பக்கம் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் தண்ணீர் காலையில் ஒரு மணித்தியாலம்தான் வரும். கீழே நாங்கள் பைப்பைத் திறந்துவிட்டால் மேல் லயத்துக்கு ஏறாது; அப்புறம் அங்கிருந்து இறங்கி வருகிற ஏச்சுக்கு ஏழு நாள் காது வலிக்கும். ஓடுகிற பைப்பைப் பார்த்தால் மூடாமல் கடக்க எனக்கு வராது.

"நான்தான் ஐயா. சும்மா ஓடிக்கிட்டிருந்துச்சு, மூடிட்டேன்."

"சும்மாவா!" என்றார் அக்கா.

நான் லயத்துக் கதையைச் சொன்னேன். ஐயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்க வீட்டுல கிணறு. நல்ல வேளை, மூட ஒண்ணுமில்ல." அக்கா சிரிக்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தார். தண்ணீரைத் திறந்ததும் சிவப்பு லைட் அணைந்தது. மணி ரெண்டேகால்.

ஆனால் பானைக்குள் இன்னும் ஈரம். இப்படியே பூசினால் தங்கம் உரிந்து வரும். ஒரு வழி எனக்குத் தெரியும். சாம்பிள்களுக்கு முன்னால் மறைப்பு மூடியை இழுத்துவிட்டு, உள்ளே இருக்கும் இன்னொரு தகடான டைட்டேனியத்தை மட்டும் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் அது சுவரெல்லாம் படிந்து ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்த முறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன். சுவிட்சில் கை வைக்கவில்லை.

"எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம் அக்கே. பிரஷர் இறங்கலைன்னா வேணாம்."

"சரி, போடு."

இறங்கியது. பிறகு ஆறு துண்டுகளுக்கும் முதலில் ஒட்டிப் பிடிக்க டைட்டேனியம், மேலே தங்கம். மூன்றே முக்காலுக்கு வெளியே எடுத்தோம். தங்கம் உரிகிறதா என்று பார்க்க, கூடவே வைத்த சோதனைக் கண்ணாடியில் செலோடேப்பை அழுத்தி ஒட்டினேன். இழுக்க எனக்குத் துணிவில்லை. அக்கா வாங்கி, சரக்கென்று இழுத்தார். ஓரத்தில் ஓர் அரிசியளவு தங்கம் டேப்போடு போனது. மற்றதெல்லாம் அங்கேயே இருந்தது.

"இன்னொரு துண்டு டேப் தா," என்றார். அதையும் இழுத்தார். ஒன்றும் வரவில்லை. சாம்பிள் பெட்டியைத் திறந்து, ஒன்று முதல் ஆறு வரை பென்சிலால் எழுதத் தொடங்கினார்.