முகம் இல்லாத சுவர்

1957 ஆகஸ்டு 24, சனிக்கிழமை. அப்பா அரைநாள் வேலை முடிந்து வந்தார். அம்மா கருவாடு பொரித்தார். சாப்பிட்டதும் வழக்கம்போல் மாமாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு அப்பாவோடு காஜா பேராங் தெருமுனைக்குப் போனேன்.

மாமா அம்மாவின் தம்பி. வாரத்தாள் ஒன்றில் சித்திரக்கதை வரைபவர். எங்கள் தெருவுக்கு வெளியே யாருக்கும் அவரைத் தெரியாது. அடுத்த வாரம் வரவிருந்த மெர்டேக்கா சுதந்திர விழாவுக்காக, மலாய் பேசும் கம்போங் செட்டி அம்மாள் ஒருவர் தம் கோப்பிக்கடைச் சுவர் முழுக்கப் படம் கேட்டிருந்தார். மாமா வரைந்த கூட்டம் விழா நடக்கும் பண்டார் ஹிலிர் திடலை நோக்கி நடந்தது. சரோங்கின் பூக்கள்கூடத் தெளிவாக இருந்தன. ஆனால் அத்தனை பேரும் முதுகைத்தான் காட்டினார்கள்.

“மூகா மானா?” முகம் எங்கே என்று கடைக்கார அம்மாள் அதட்டினார். நாளைக்குள் முகம் வராவிட்டால் சுவருக்குச் சுண்ணாம்புதான் என்றும் மலாயில் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவசரகாலம் முடியாத நேரம்; காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உதவியதாகச் சந்தேகம் வந்தாலே மாத்தா, அதாவது போலீஸ், பிடித்துப்போகும். அப்பா குரலைத் தாழ்த்தினார்.

“யார ஒளிச்சி வெச்சிருக்க, மாப்ள? மாத்தா வந்து கேட்டா நான் என்னா சொல்றது?”

“முதுகு வரையறது சுலபம் மச்சான். மூக்குப் போட வேணாம் பாருங்க.”

நான் நம்பவில்லை. மாமாவின் பழைய கதைகளில் எல்லாமே எங்கள் தெரு முகங்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கொள்ளைக்காரனுக்கு முனைக்கடைத் தையல்காரரின் முகத்தை, கண்ணுக்குக் கீழ் இருந்த மருவோடு, வைத்திருந்தார். தெருவே அதைக் காட்டிச் சிரித்தது. அந்தக் கதை வந்துகொண்டிருந்தபோதுதான் ஒரு மாலை போலீஸ் லாரி வந்து தையல்காரரை ஏற்றிப் போனது. அவர் திரும்பவே இல்லை.

அப்பா போனதும் சுவரை ஓர் ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரின் தோளில் அளவுநாடா தொங்கியது.

“இது டைலர்தானே மாமா?”

மாமா சிரிக்கவில்லை. “நாடா அவ்ளோ நல்லாவா தெரியுது?”

“தெரியுதே.”

அவர் தெருவின் இரு பக்கமும் பார்த்தார். பிறகு கடைக்குள் போய், கூட்டத்தில் ஒருவன் திரும்பிப் பார்ப்பதுபோல் நாளை ஒரு முகம் போடுவதாகவும், அது தன் முகமாகவே இருக்கும் என்றும் சொன்னார். ஒன்றாவது இருக்கட்டும் என்று அம்மாள் சம்மதித்தார்.

கதையில் அந்த முகத்தை வரைந்து தையல்காரரைக் காட்டிக்கொடுத்தவரே மாமாதானோ என்று எனக்குத் தோன்றிவிட்டது. இரவு அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட மறுத்தேன். அவர் காரணம் கேட்கவில்லை.

மறுநாள் காலை கடை திறக்குமுன்பே மாமா சுவருக்கு வந்துவிட்டார். தன் முகத்தை அவர் தொடங்கவில்லை. முதல் வேலையாக வெள்ளைச் சாயத்தைத் தொட்டு, நான் அடையாளம் கண்ட அந்தத் தோளிலிருந்த அளவுநாடாவைச் சட்டையோடு சட்டையாகப் பூசி மறைத்தார்.