வாய்க்காலுக்குப் போகாத பஞ்சு

அந்தத் தெருவில் எல்லாருக்கும் அவள் லாண்டரி அக்கா. அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் பெரிய துவைக்கும் மெஷின்களைப் போட்டு, விடுதிப் படுக்கைவிரிப்பிலிருந்து ஆலைச் சீருடை வரை துவைத்துக் கொடுத்தாள். துணியை வண்டியில் எடுத்துவருவதும் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் கணவர் வேலை. துவைத்த தண்ணீர் பின்பக்கக் குழாய் வழியாக வாய்க்காலில் விழும். அதற்குப் பிறகு அது என்ன ஆகிறது என்று அவள் யோசித்ததே இல்லை.

ஒருநாள் காலை, வாய்க்காலின் கீழ்ப்பக்கம் காய்கறி பயிரிடும் தோட்டக்காரர் கடை வாசலில் வந்து நின்றார். கையில் அவருடைய மோட்டாரின் வடிகட்டி. அதில் துணியிலிருந்து உதிர்ந்த ஈரப் பஞ்சு கெட்டியாக அப்பியிருந்தது. ஆரஞ்சு நிறம். அவர் சண்டைக்கு வரவில்லை. மோட்டார் அடிக்கடி நின்றுபோகிறது, யாரைக் கேட்பதென்று தெரியாமல் வாய்க்காலோரமாகவே விசாரித்துக்கொண்டு வருகிறேன் என்றார். ஆலையின் ஆரஞ்சுச் சீருடை துவைப்பவள் அந்தப் பக்கத்திலேயே அவள் ஒருத்திதான். மழுப்பியிருக்கலாம்.

"நம்ம கடைப் பஞ்சுதாங்க அது. நான் பாத்துக்கறேன்," என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, வழி தெரியவில்லை. விற்பனைக்குக் கிடைத்த எந்த வடிகட்டியும் அவளுடைய பழைய குழாய்க்குப் பொருந்தவில்லை. வலை கட்டினாள், உடனே அடைத்துக்கொண்டது. அப்போதுதான் நாத்தனாரின் நினைவு வந்தது. செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் முப்பரிமாண அச்சு வேலை பார்ப்பவள். வீட்டில் அவளுக்குப் 'பல்லுக்காரி' என்றே பெயர். சொந்தமாகவும் ஒரு சின்ன பிரிண்டர் வைத்திருந்தாள். கணினியில் வரைந்த உருவத்தை, உருக்கிய பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காக இழைத்து அது அப்படியே எழுப்பிவிடும்.

இருவரும் உட்கார்ந்து சங்கு மாதிரி ஒரு கூடு வரைந்தார்கள். தண்ணீர் அதற்குள் சுழன்று இறங்கும்போது பஞ்சு ஓரமாக ஒதுங்கி, அடியிலிருக்கும் கிண்ணத்தில் தங்க வேண்டும். முதல் கூடு பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. விரிப்பு துவைத்த வெந்நீர் பாய்ந்ததும் துவண்டு கோணிக்கொண்டது.

"நீ செய்யற பல்லு மட்டும் சூடா காபி குடிக்குது, இதுக்கு என்ன வந்துச்சு?"

"அது வேற பிளாஸ்டிக், அண்ணி. சூடு தாங்கறது இருக்கு. ஆனா அச்சடிக்கும்போது முரண்டு பிடிக்கும்."

பிடித்தது. மூலைகள் தூக்கிக்கொண்டன, கூடு பாதியில் பிளந்தது. பல்லுக்காரி விடவில்லை. பிசிறு தேய்க்கும்போது உதிரும் தூளைக்கூடத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கொண்டுபோக விடமாட்டாள். பஞ்சைத் தடுக்கப்போய்ப் பிளாஸ்டிக்கை அனுப்புவதா என்று கேட்டாள்.

கடைசியில் வெந்நீரைத் தாங்கும் கூடு வந்தது. அதை மாட்டிய அன்றே, கிண்ணம் நிறைந்ததை யாரும் கவனிக்காமல் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு கடைக்குள் ஏறியது. தேய்த்து மடித்துக் கீழே அடுக்கியிருந்த விரிப்பெல்லாம் நனைந்துபோனது. வண்டியை நிறுத்திவிட்டு வந்த கணவர் வாசலிலேயே நின்றார். சத்தம் போடுகிற ஆள் இல்லை.

"கடை வேணுமா, வாய்க்கால் வேணுமா? ஒண்ணைச் சொல்லு."

"ரெண்டும்தாங்க வேணும்," என்றாள், தண்ணீரைத் தள்ளிக்கொண்டே.

அவர் கால்சட்டையை மடித்துவிட்டு இன்னொரு துடைப்பத்தை எடுத்தார். அன்று முழுக்க இருவரும் அத்தனை விரிப்பையும் மறுபடி துவைத்துத் தேய்த்தார்கள். வேலைக்கு நடுவில் அவர்தான் சொன்னார்: "மாடித் தொட்டி நிறைஞ்சா வழிஞ்சு போக ஒரு குழாய் வச்சிருக்கான்ல? உன் சங்குக்கும் அப்படி ஒண்ணு வை."

பல்லுக்காரி கூட்டின் மேல்புறத்தில் ஒரு வழிகுழாய் சேர்த்தாள். கிண்ணம் நிறைந்தால் தண்ணீர் அந்த வழியாக வெளியே போய்விடும், தரையில் ஏறாது. அடுத்த தடவை மூடியைத் திறந்தபோது உள்ளே ஆரஞ்சும் சாம்பலுமாகக் கம்பளித் துண்டு போலப் பஞ்சு திரண்டு கிடந்தது. லாண்டரி அக்கா அதைக் கையில் பிழிந்து, கணவர் கையில் வைத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

தோட்டக்காரரின் மோட்டார் இப்போது சண்டித்தனம் செய்வதில்லை. ஆனால் வேலை முடிந்துவிடவில்லை. வடிந்த தண்ணீரைப் பல்லுக்காரி பூதக்கண்ணாடியில் காட்டினாள். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகள் இன்னமும் தப்பித்துப் போகின்றன. அதற்கு இரண்டாவது கூடு ஒன்று வரைந்துகொண்டிருக்கிறார்கள். இதற்கிடையே மேல்தெரு லாண்டரிக்காரர் தனக்கும் ஒன்று வேண்டுமென்று சொல்லியனுப்பினார். கையில் கொடுத்தனுப்பினால் சரிவராது, குழாயை நேரில் பார்க்க வேண்டும் என்று, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு லாண்டரி அக்கா நாத்தனாரோடு கிளம்பிவிட்டாள்.