சண்டை முடிந்த நாள்

போளூரிலிருந்து மலையேறும் பேருந்தில் ரேடியோ பாடுவதை நிறுத்திவிட்டு, இதே நாளில் நடந்த போர்களைச் சொன்னது. டிசம்பர் பதினாறு: 1944இல் ஐரோப்பாவின் பனிக்காட்டில் ஜெர்மன் படை பெருந்தாக்குதலைத் தொடங்கியது, 1971இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. எனக்கு முதல் வகுப்பு வாத்தியார் பேனாவின் நீல மை வாசனை வந்துவிட்டது.

எங்கள் மலைப் பள்ளியில் முதல் வகுப்பில் சேரும் எல்லாருக்கும் வாத்தியார் ஜூன் ஒன்று என்றே பிறந்த தேதி போடுவார். யார் வீட்டிலும் தேதி எழுதி வைக்கும் வழக்கம் கிடையாது. எனக்கும் அதையே எழுதப் போனவரின் பேனாவை, கொல்லை மண் காயாத கையால் அம்மா மறித்தாள்.

“இன்னா சார் எழுதுறீங்க? இவ சண்ட முடிஞ்ச அன்னிக்குப் பொறந்தவ. இவங்கப்பா பட்டாளத்துல இருந்தாரு. நான் வலியில கெடக்கறேன், ரேடியோல முடிஞ்சிருச்சுன்னு சொல்றாங்க. அவரு வந்துருவாருன்னு தெம்பாச்சு, இவளும் பொறந்துட்டா.”

வாத்தியார் ஒரு தடிப் புத்தகத்தைப் புரட்டித் தேதியைக் கண்டுபிடித்தார். பிறகு சிரித்தார். “அதே தேதியில வேற ஒரு பெரிய சண்ட ஆரம்பிச்சும் இருக்குதும்மா.”

“ஆரம்பிச்சது எந்த வூட்டு சண்டயோ சார். முடிஞ்சதுதான் எங்க வூட்டுது. எழுதுங்க.”

எழுதினார். அந்த வகுப்பில் ஜூன் ஒன்றில் பிறக்காதவள் நான் ஒருத்திதான்.

பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் என்னைப் பார்த்தாள். “இன்னாங்க, தனியா சிரிக்கிறீங்க?”

“ரேடியோல என் பொறந்த நாளச் சொன்னாங்க,” என்றேன்.