கொல்லையில் அவர் போட்ட மலைப்பாதை

மூன்று வருடங்களுக்கு முன், மயிலாடுதுறை அருகே எங்கள் ஊரில் நடந்தது இது.

குவைத்தில் டிரெய்லர் லாரி ஓட்டிய என் கணவர், முதுகுத்தண்டு தேய்ந்து ஊர் திரும்பினார். இனி வண்டியே ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பல மாதம் யாரிடமும் பேசாமல் கிடந்தவர், ஒருநாள் ரிமோட் கார் ஒன்றை வாங்கிவந்தார். முழங்கை நீளம்தான் இருக்கும். வேகமாக ஓடாது, பாறையைக் கவ்விப் பிடித்து மெதுவாக ஏறும். கிராலர் என்றார்.

எங்கள் பக்கம் எங்கே தோண்டினாலும் களிமண். பாறைக்கு எங்கே போவது? வல்லம் பக்கமிருந்து ஒரு லோடு செம்பாறாங்கல் இறக்கினார். ஆள் வைத்து, கொல்லையில் தென்னைமரங்களைச் சுற்றி மேடு, பள்ளம், மரப்பாலம் என்று பாதை போட்டார். ஒவ்வொரு மழைக்கும் களி இளகிக் கல் சாயும். முக்காலியில் உட்கார்ந்து, அடியில் மணல் கொட்டி, ஒவ்வொன்றாக நிமிர்த்துவார்.

"நாப்பத்தெட்டு வயசுல பொம்மைக் காரு. ஊரே சிரிக்குது" என்பேன்.

"நீயும் ஒருதடவ ஓட்டிப் பாரேன்" என்பார்.

அடுப்பில் வேலை இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஐப்பசியில், கொட்டும் மழையில், நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டார்.

முப்பதாம் நாள் பூசைக்கு உறவுக்காரர்கள் வரவேண்டும். வாசல் சந்து முழுக்கச் சேறு. கொல்லையில் அவர் அடுக்கிய கற்களை அள்ளிச் சந்தில் கொட்டி மேலே மண் போட்டு மூடச் சொன்னேன். கொல்லைப் பாதையைப் பார்க்கும்போதெல்லாம் அழுகை வந்தது. அதுவும் ஒரு காரணம்.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கும்பகோணத்திலிருந்து இரண்டு பேர் ரிமோட் கார் பெட்டிகளோடு வந்தார்கள்.

"அண்ணன் இருக்காங்களா? ட்ராக் பாக்க வரச் சொன்னாங்க. போன் போட்டா எடுக்கவே இல்ல."

விஷயத்தைச் சொன்னேன். கொல்லையையும் காட்டினேன். வெறும் தரையைப் பார்த்து இருவரும் நின்றார்கள். கிளம்பும்போது ஒருவர் தயங்கி, "அண்ணன் அனுப்புன வீடியோ இருக்குங்க. பாக்குறீங்களா?" என்றார்.

கார் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் அவர் குரல்: "பெரிய ஏத்தத்த இங்க ஏன் வச்சேன்னா, இங்கேருந்து அடுப்படி ஜன்னல் தெரியும். வீட்ல எப்பவும் திட்டுவாங்க. ஆனா வண்டி உச்சிக்குப் போறப்ப மட்டும் கரண்டியோட வந்து நின்னு பாப்பாங்க. கவுந்துட்டா உச்சுக் கொட்டுவாங்க."

நான் பார்த்தது அவருக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

கற்களைத் தோண்டி எடுத்துத் திரும்ப அடுக்கித் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். அவர் வைத்த இடம் எனக்கே நினைவில்லை. அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ரசித்ததை ரசித்தேன் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும், அதைச் சொல்லாமலே அவரை அனுப்பிவிட்டேனே என்ற வருத்தம் இன்றும் என்னை விடவில்லை.