பத்து வருஷ காண்ட்ராக்ட்

காலையில துபாய்ல, அல் கூஸ் போற கம்பெனி பஸ்ல செய்தி பார்த்துட்டிருந்தேன். அமெரிக்காவுல ஒரு பேஸ்பால் பிளேயருக்குப் பத்து வருஷ காண்ட்ராக்டாம்.

பக்கத்து சீட்ல இருந்த ஸ்டோர்கீப்பர் செல்வம் அண்ணன் எட்டிப் பார்த்தார். "பத்து வருஷமா? ஊருக்கு எப்பப்பா விடுவாங்க?"

"பழைய காண்ட்ராக்ட் முடிஞ்சதும் எங்க போறதுன்னு அவர் இஷ்டம்தாண்ணே. டீமெல்லாம் ஏலம் மாதிரி போட்டி போட்டுக் கூப்பிட்டிருக்கு."

"பாஸ்போர்ட்டு?"

"அவர்கிட்டதான் இருக்கும்."

பாஸ்போர்ட்டைக் கம்பெனி லாக்கர்ல கொடுத்து வச்சிருக்கிற அண்ணன், என் போனை வாங்கி அந்த பிளேயர் போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தார்.

என் ரெண்டு வருஷ காண்ட்ராக்ட்டும் முடியப் போகுது. ரினியூவல் பேப்பர்ல கையெழுத்துப் போடாம மூணு நாளா பையில வச்சுக்கிட்டு, இன்டர்வியூ போன இடத்துல இருந்து கால் வருதான்னு போனையே பார்த்துட்டிருக்கேன்.

ஹெச்ஆர் இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் டைம் கொடுத்திருக்காங்க. என்னை ஏலம் எடுக்கிற எண்ணம் எந்த டீமுக்காவது இருந்தா, நாலே முக்காலுக்குள்ள கூப்பிடுங்க.