காதுக்கு மேலே பிடிக்க வேண்டிய போன்

நாலாங் கிளாசோடு படிப்பை விட்டவன் நான். ஏலத்தோட்டத்தில் களை வெட்டிய இந்தக் கையால் கேரள எல்லையோரம் கம்பம்மெட்டில் சொந்தமாக ஏலக்காய்க் கடை போட்டேன். ஒரு பிடி காயை அள்ளினாலே எந்த மலைச் சரக்கு, எப்படிக் காய்ந்தது என்று சொல்லிவிடுவேன். இந்த எல்லையில் அப்படிச் சொல்ல இன்னொருத்தன் இல்லை.

அப்பேர்ப்பட்ட எனக்குக் காது போனது. காய் உலர்த்தும் இடத்தில் முப்பது வருஷம் கேட்ட இரைச்சல். மகன் நல்ல மெஷினாக வாங்கிக் காதுக்குப் பின்னால் மாட்டிவிட்டான். நேரில் பேச ஒரு கஷ்டமும் இல்லை. போனில்தான் தகராறு. மெஷினின் மைக் மேலே இருப்பதால் போனைக் காதில் வைக்கக் கூடாது, கொஞ்சம் மேலே தூக்கி மண்டையோடு சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்று மெஷின் கொடுத்த பெண் காட்டித் தந்தாள். கடைத்தெருவில் அப்படி நின்றால் எனக்குக் கேட்காது என்று வியாபாரிகளுக்குத் தெரிந்துபோகும். தெரிந்தால், பேசின விலையைப் பேசவே இல்லை என்பார்கள். அதனால் போன் வந்தால் மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, எல்லாரையும் போலக் காதில் வைத்து "சரி, ஆகட்டும்" என்பேன். பேசுவதெல்லாம் போனில் பதிவாகும்படி வைத்திருந்தேன். வீட்டுக்குப் போய் மெஷினை மாட்டிக்கொண்டு வியாபாரப் பேச்சைப் போட்டுக் கேட்பேன். ஒருத்தனும் கண்டுபிடிக்கவில்லை. அது என் மூளை.

அக்காவின் பேச்சை மட்டும் போட்டுக் கேட்டதில்லை. அம்மா செத்த பிறகு எஸ்டேட் லயத்து வீட்டில் எனக்குப் பொங்கிப் போட்டு வளர்த்தவள். கஞ்சிக்கோட்டில் மகளோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் கூப்பிடுவாள், அந்நேரம் நான் கடையில் இருப்பேன். சாப்பிட்டியா, சளி எப்படி, அவ்வளவுதானே என்று இருந்துவிட்டேன்.

போன மாசம் அவள் இறந்துபோனாள். அடக்கம் முடிந்து திரும்பும்போது அவள் மகள் சொன்னாள்.

"வர முடியாதுன்னா முடியாதுன்னே சொல்லியிருக்கலாம் மாமா. சனிக்கிழமை பூரா பையை மடியில வச்சிக்கிட்டு வாசல்லயே உக்காந்திருந்துச்சு அம்மா. நான் போன் போடறேன்னாலும் விடல. அவனுக்கு நூறு சோலி, முடிஞ்சா வந்துருவான்னுச்சு."

அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று அத்தனை பேர் முன்னால் சத்தியம் பண்ணினேன். கடைசி காலத்தில் அக்காவுக்குப் புத்தி தடுமாறியிருக்கும் என்றும் சொன்னேன். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது.

ஊருக்கு வந்து போனில் தேடினேன். இருந்தது. மெஷினை மாட்டிக்கொண்டு கேட்டேன்.

"தம்பி, அம்மா கல்லறையை ஒருதடவை பாக்கணும்டா. முட்டு வலியில பஸ் ஏற முடியல. சனிக்கிழமை காரெடுத்துட்டு வாரியா?"

"சரிக்கா, ஆகட்டும்."

"நெசமாத்தானே?"

"ஆகட்டும்க்கா. வச்சிரட்டா?"

என் குரல்தான். கணீரென்று இருந்தது.

மறுநாள் கடை வாசலில், மூட்டை ஏற்றுகிறவர்களும் வியாபாரிகளும் பார்க்கப் பார்க்க, போனை மண்டையோடு சாய்த்துப் பிடித்து அக்கா மகளைக் கூப்பிட்டேன்.

"வாரேன்னு நான் சொன்னது நெசம்தாம்மா. எனக்குக் கேக்கல. கேட்ட மாதிரி சொல்லிட்டேன். அம்மாவுக்குப் புத்தி நல்லாத்தான் இருந்துச்சு."

பதில் இல்லை. மெஷின் நின்றுபோனதோ என்று நினைத்தேன். இல்லை. அவள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது, யாரோ நாற்காலியை இழுத்தது, எல்லாம் தெளிவாகக் கேட்டது. அவள்தான் பேசவில்லை.