கரும்பு வண்டித் தடமும் என் முன் சக்கரமும்

மூன்று நாள் தாமதமாக வந்தால் ஒரு நாள் விடுப்பைக் கழிப்பார்கள். அதற்கு மேலும் தாமதமானால் காரைக்காலுக்கு மாற்றல். எங்கள் கல்வி அதிகாரி இதை மிரட்டலாகக்கூடச் சொல்லவில்லை. ஏதோ கோப்பைப் புரட்டிக்கொண்டே சொன்னார். புதுச்சேரியில் அரசு வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். வில்லியனூர்க்காரியை ஒரே கையெழுத்தில் காரைக்காலுக்கு அனுப்பிவிடலாம். நடுவில் கடலூர், சிதம்பரம், சீர்காழி எல்லாம் தமிழ்நாட்டில் கிடக்கும். கேட்டால் ஒரே அரசு, ஒரே வேலை என்பார்கள்.

வீட்டில் அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். மில்லில் நின்றே உழைத்த மனிதரை வாதம் அடித்து வலது பக்கத்தை முடக்கிப் போட்டிருந்தது. காலையில் நான்தான் துடைத்துவிட வேண்டும், ராத்திரியில் நான்தான் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். பகலில் பக்கத்து வீட்டம்மா ஒரு கண் வைத்துக்கொள்வார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. நான் காரைக்கால் போனால் அப்பா பிழைக்க மாட்டார். பேச்சுக்காகச் சொல்லவில்லை, அதுதான் நிலைமை.

நான் வேலை பார்த்த ஓராசிரியர் பள்ளி மண்ணாடிப்பட்டுப் பக்கம், தார் ரோட்டிலிருந்து நான்கு மைல் உள்ளே. பஸ் வராது. அதனால் ஒரு மொபெட் வாங்கினேன், இஞ்சின் வைத்த சைக்கிள்தான் அது. எண்பதுகளின் தொடக்கம், பெண்பிள்ளை வண்டி ஓட்டுகிறாள் என்று டீக்கடையில் ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். கால் வலித்தால் உட்காரப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

கரும்பு வெட்டுத் தொடங்கியதும் வந்தது வினை. ஆலைக்குப் போகும் மாட்டு வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஒரே தடத்தில்தான் போகும். மாடுகளுக்கு அது பழக்கம். வண்டிக்காரர் கரும்புக் கட்டின் மேல் படுத்துத் தூங்க அது வசதி. தடம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும். என் மொபெட்டின் முன் சக்கரமோ இத்துனூண்டு. தடத்துக்குள் இறங்கினால் ஏறாது, ஹேண்டில்பாரை வளைத்தால் குப்புறத் தள்ளும். ஒரே வாரத்தில் இரண்டு முறை விழுந்தேன். விழாத நாளில் தள்ளிக்கொண்டு போனேன். ஒன்பதரைக்குத் தொடங்கும் பள்ளிக்கு எப்படிப் போனாலும் சேரும்போது பத்தே கால்.

அந்தத் தடத்துக்கு அஞ்சாத ஆள் ஒருவர்தான். தினமும் எதிரே வரும் பால்காரர். இரண்டு பக்கமும் கேன் தொங்கும் அவருடைய பெரிய சைக்கிளின் முன் சக்கரம் தடத்தின் விளிம்பில் ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிடும். மூன்று நாள் நின்று கவனித்தேன். நான்காம் நாள் சாயங்காலம் மொபெட்டை நேரே வில்லியனூர் சைக்கிள் கடை பாயிடம் கொண்டுபோய் நிறுத்தினேன்.

“பால்காரர் சைக்கிளுக்குப் போடற சக்கரமும் ஃபோர்க்கும் இதுக்கு முன்னாடி மாட்டிக் குடுங்க பாய்.”

“இன்னா டீச்சரம்மா சொல்றீங்க? ஆட்டுக்கு மாட்டுக் காலு வெக்கச் சொல்றீங்க. ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். ஊரா எனக்கு லேட் போடுது?”

“நீங்க வுழுந்தா என்னத்தான் சொல்வாங்க. பாய் மாட்டிக் குடுத்தாருன்னு.”

“ரெண்டு தடவ வுழுந்துட்டுதான் வந்துகீறேன். அது யார் மாட்டிக் குடுத்தது?”

பாய் ஸ்பேனரை எடுத்தார்.

நான் நினைத்தது போல அது சுலபமாக இல்லை. சக்கரத்தைத் தாங்கும் புது ஃபோர்க்கின் தண்டு வண்டியின் கழுத்துக் குழாயில் லொடலொடவென்று ஆடியது. பாய் லேத்துக்குப் போய் இரும்பு வளையம் கடைந்து வந்து செருகினார். நீளமாக இருந்த தண்டை அறுத்து மரை போட்டார். பால்காரர் சைக்கிளில் இருப்பது போல ஃபோர்க்குக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கம்பி கொடுத்தார். எல்லாம் முடிந்ததும் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஏறி உட்கார்ந்தால் பின்னால் சரிந்தேன். சீட்டை முன்பக்கமாகச் சாய்த்து முடுக்கினார், சரியாயிற்று.

இருவருமே ஒன்றை மறந்துவிட்டோம். பழைய முன் பிரேக் பழைய சக்கரத்துக்குள் இருந்தது, அதோடேயே போய்விட்டது. கைப்பிடியில் லிவர் மட்டும் அழகாக இருந்தது. மறுநாள் வாய்க்கால் திருப்பத்தில் அதை இறுக்கிப் பிடித்தேன். வண்டி என்னையும் கூட்டிக்கொண்டு கரும்புக்குள் போய்விட்டது. கரும்பின் சோகை இலை கன்னத்தைக் கிழித்தது.

“டீச்சரு, பள்ளிக்கூடம் அந்தாண்ட கீது!” என்று கரும்பு வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு வெட்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது, என்மேலேயே. அன்று மாலை பாய் தலையில் அடித்துக்கொண்டே சைக்கிள் பிரேக் கட்டைகளை ரிம்முக்கு இரண்டு பக்கமும் பொருத்தி, அந்த லிவரோடு கேபிளை இணைத்தார்.

அடுத்த நாள் தடம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டேன். சக்கரம் இறங்கியது, ஏறியது, நான் வண்டிமேலேயே இருந்தேன். யாரும் இல்லாத ரோட்டில் சத்தம் போட்டுச் சிரித்தேன். ஒன்பது பத்துக்குப் பள்ளியில் இருந்தேன். அதன் பிறகு தினமும் அந்த நேரம்தான். முன்னாடி எருமை, பின்னாடி ஆடு என்று என் வண்டிக்குப் பெயர் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

பொங்கல் கழிந்து ஒரு திங்கட்கிழமை அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் சோதனைக்குக் கிளம்பினார். நான் தாமதமாக வருவதைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று விடிந்ததுமே புறப்பட்டாராம். ஜீப் டிரைவர் பிற்பாடு சொன்னார். ஜீப் தடத்தில் இறங்கி, அடிவயிறு மண்ணில் தட்டி உட்கார்ந்துவிட்டது. வெகுநேரம் தள்ளிப் பார்த்துவிட்டு நடந்தே வந்திருக்கிறார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வகுப்புக்குள் நுழைந்தபோது நான் நாலாம் வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். பதிவேட்டில் என் கையெழுத்தைப் பார்த்தார். வெளியே போய் வண்டியைப் பார்த்தார்.

“இன்னாம்மா இது? இப்படி மாத்தறதுக்கு யாருகிட்ட அனுமதி வாங்கினீங்க?”

“இந்த ரோட்ட இப்படி வுட்டு வெக்கறதுக்கு யாரு சார் அனுமதி குடுத்தது?”

சொல்லிவிட்ட பிறகுதான் காரைக்கால் நினைவுக்கு வந்தது. அப்பாவின் முகம் கண் முன்னால் வந்தது. ஆனாலும் பார்வையாளர் பதிவேட்டை விரித்து அவர் முன்னால் வைத்தேன். “வந்த நேரத்த எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார்.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து முப்பத்தைந்து என்று உள்ளதை உள்ளபடி எழுதினார். நல்ல மனிதர்தான், அந்த ரோட்டை முன்னே பின்னே பார்த்ததில்லை, அவ்வளவுதான். குரல் இறங்கிவிட்டது.

“எதுக்கும்மா இவ்ளோ கஷ்டம்? திருபுவனையில பஸ் நிக்கற எடத்துலயே ஒரு எடம் காலியா கீது. எழுதிக் குடுங்க, போட்டுடறேன். இங்க ஒரு ஆம்பள வாத்தியாரப் போட்டுக்கலாம்.”

ஒரு மாதம் முன்னால் இதைச் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். எனக்கு முன்னால் அங்கே இருந்த நான்கு ஆண் வாத்தியார்களும் கரும்பு வெட்டு வந்ததும் மருத்துவ விடுப்பில் போனவர்கள். பதிவேட்டில் அத்தனையும் இருந்தது. அந்த மாதங்களில் பிள்ளைகள் வாசலில் காத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

“வேணாம் சார். நாலு ஆம்பளைங்க வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க. இந்த ரோட்டுக்கு ஏத்த வண்டி எங்கிட்டதான் கீது. காரைக்கால் லிஸ்ட்டுல என் பேரு இருந்தா அத மட்டும் எடுத்துடுங்க.”

அவர் செருப்பை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினார். தலையை ஆட்டினாரா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

கோடை விடுமுறைக்கு முன்பு காரைக்கால் மாற்றல் பட்டியலை அலுவலகத்தில் ஒட்டினார்கள். கடைசி வரி வரைக்கும் இரண்டு முறை படித்தேன். என் பெயர் இல்லை. அன்று ராத்திரி அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்தபோதுதான் அப்படி ஒரு பட்டியல் இருந்ததையே அவரிடம் சொன்னேன். அப்பாவுக்குக் கண் கலங்கியது.

“ஏண்டி எங்கிட்ட சொல்லல?” என்றார் குழறலாக.

“சொன்னா நீ என்னப் போன்னு சொல்லுவ,” என்றேன். “நான் போறதா இல்ல.”